முப்பத்தாறாவது மாடத்தின் தாடி

கட்டடச் சுவரில் முப்பத்தாறு மாடங்கள் இருந்தால் முப்பத்தாறு மேதைகளைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் அருங்காட்சியகத்தின் கொள்கை. மேதைகள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிவிட்டு அப்புறம் மாடம் கட்டியிருக்கலாமே என்று நான் கேட்டேன். நான், விட்லோ, மூன்றாம் நிலை குமாஸ்தா. ஆகவே நான் கேட்டது குறிப்பேட்டில் ஏறவில்லை.

ராணியம்மா பட்டத்துக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். லண்டனில் புதிதாக எது கட்டினாலும் அதன் சுவரில் யாராவது ஒரு பெரிய மனிதரை நிறுத்தி வைக்காவிட்டால் கட்டியவருக்குத் தூக்கம் வராது. எங்கள் தெற்கு மண்டபத்தில் தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே, பக்கத்துக்குப் பதினெட்டாக மாடங்கள் அமைத்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்பதடி உயர ஓவியம். பொன்னிறப் பின்னணியில் ஒரு சிற்பி, ஒரு குயவர், ஒரு கண்ணாடிக்காரர் என்று செத்துப்போன மேதைகள் நின்றார்கள்.

செத்துப்போயிருக்க வேண்டும் என்பது முக்கியம். விதி பதினான்கு சொல்கிறது: உயிரோடு இருக்கும் எவருடைய முகமும் இந்தச் சுவர்களில் இடம்பெறக் கூடாது. உயிரோடு இருக்கும் ஓவியர் ஒருவரை மேலே ஏற்றினால் கீழே நிற்கும் மற்ற நூறு பேரும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள் என்ற பயம்தான் காரணம்.

மேதைகள் பட்டியல் முப்பத்தைந்தில் நின்றுவிட்டது. மூன்று கூட்டம் போட்டும் முப்பத்தாறாவது ஆள் அகப்படவில்லை. கடைசியில் எங்கள் தலைமை அதிகாரி சர் ஹம்ஃப்ரி பெல்ச்சமே ஒருவரைக் கண்டுபிடித்தார். வடக்கே ஒரு பாழடைந்த மடத்தின் ஐந்நூறு வருஷத்துச் சுவடியில் ஒரே ஒரு வரி இருந்தது: "ஆஸ்வின் மேஸ்திரிக்கு ஒரு ஜோடி கையுறை கொடுக்கப்பட்டது."

"கையுறை குடுத்திருக்காங்க. அப்ப கை இருந்திருக்கு. கை இருந்தா கட்டாம இருந்திருப்பாரா?" என்று சர் ஹம்ஃப்ரி கூட்டத்தில் கேட்டார். யாரும் மறுக்கவில்லை. சாப்பாட்டு நேரமாகியிருந்தது.

படம் வரையும் வேலை பென்ரோஸ் என்ற ஓவியருக்குப் போனது. அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபைக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். யாரையும் 'ஐயா' என்று கூப்பிடவும் மாட்டார்கள். பிச்சைக்காரனுக்கும் பிரபுவுக்கும் ஒரே 'நீ'தான். இப்படிப்பட்ட ஒரு மனிதரை அரசாங்க அலுவலகத்துக்குள் விட்டால் என்ன நடக்கும் என்று முன்பே யோசித்திருக்க வேண்டும்.

ஆஸ்வின் மேஸ்திரியின் முகம் யாருக்கும் தெரியாது. பென்ரோஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். விளக்கேற்றும் கம்போடு ஆம்ப்ரோஸ் டக்கெட் மண்டபத்தைக் கடந்து போனார். டக்கெட் எங்கள் கேஸ் விளக்குக்காரர். நானூறு விளக்குகளுக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. கொதிகலன் அறைக்குப் பின்னால் இரண்டு சின்ன அறைகளில் மனைவி கெஸியாவோடு குடியிருந்தார். அவரிடம் பார்க்கும்படியாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். நெஞ்சுவரை இறங்கும் செம்பட்டைத் தாடி.

ஒன்பது நாள் மதியச் சாப்பாட்டு வேளையில், ஜன்னல் திரையை அங்கியாகச் சுற்றிக்கொண்டு, கையில் கவராயத்தோடு டக்கெட் நின்றார். ஒரு தடவை பென்ரோஸ் தாடியைச் சற்று ஒதுக்கச் சொன்னபோது மட்டும் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் பக்கத்து மதுக்கடையில் இரண்டாவது கோப்பைக்கு அப்புறம் எனக்குக் காரணம் சொன்னார்.

"குமாஸ்தா ஐயா, கிரிமியா சண்டையில ஒரு குண்டுச் சில்லு வந்து என் தாடையில பாதிய எடுத்துட்டுப் போயிடுச்சு. ஆஸ்பத்திரியிலேயே தாடி வளத்துட்டேன். அப்புறந்தான் கெஸியாவப் பாத்தேன். பன்னெண்டு வருஷம் ஆச்சு, அவ இன்னும் இதப் பாத்ததில்ல."

"சொல்லவே இல்லயா?"

"எப்படிச் சொல்றது? அவ கட்டிக்கிட்டது இந்தத் தாடிய. இதுக்குப் பின்னால இருக்கிறவன் யாருன்னே அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா மூஞ்சத் திருப்பிக்குவா. அது எனக்கு ஆகாது."

ஐம்பது வயது மனிதர் இப்படிச் சொல்லிவிட்டுக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

படம் முடிந்து மாடத்தில் ஏறியது, அதன் மேல் வளைவும் கட்டியாகிவிட்டது. படத்தோடு ஒரு படிவமும் நிரப்பித் தர வேண்டும். அதில் 'தோற்றத்துக்கு ஆதாரம்' என்று ஒரு கட்டம். மற்ற ஓவியர்கள் பழைய நாணயம், கல்லறைச் சிலை, ஒன்றும் இல்லாதவர்கள் மரபு என்று எழுதியிருந்தார்கள். பென்ரோஸ் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: "ஆம்ப்ரோஸ் டக்கெட், கேஸ் விளக்குக்காரர், இதே கட்டடம்."

படிவத்தை அவர் பக்கமே நகர்த்தினேன். "மிஸ்டர் பென்ரோஸ், மரபுன்னு எழுதிடுங்களேன். இருபத்திரண்டு பேர் அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"விட்லோ, என் முன்னால ஒன்பது நாள் நின்னது மரபு இல்ல. டக்கெட்."

படிவத்தின் மேல் மசியைக் கொட்டியிருக்கலாம். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. மேலே அனுப்பிவிட்டேன். அந்தப் பாவம் என்னுடையது.

மறுநாள் குழு கூடியது. உயிருள்ள மனிதனின் முகம் சுவரில் இருக்கிறது என்பதை ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். நாற்பதடி உயரத்தில் இருப்பது யார் முகம் என்று கீழே நின்ற ஒருவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் படிவத்தில் இருக்கிறதே.

"படத்தை இறக்கிடலாம்," என்றார் ஒருவர்.

"முடியாது," என்றார் மண்டபத்தைக் கட்டிய மேஜர் திரிங். "படத்த வெச்சுட்டுத்தான் வளைவு கட்டினோம். படத்த எடுக்கணும்னா வளைவ உடைக்கணும். வளைவ உடைச்சா அதுக்கு மேல இருக்கிற சுடுமண் எழுத்து விழும்."

சுடுமண் எழுத்தில் இருந்தது சர் ஹம்ஃப்ரியின் பெயர். அந்த யோசனை அதோடு போயிற்று.

பென்ரோஸ் தொப்பியோடு எழுந்தார். "ஹம்ஃப்ரி, எனக்கு ஒரு ஏணி குடு. பத்து நிமிஷத்துல வேற மூஞ்சி போட்டுத் தரேன்."

"விதி பத்தொன்பது," என்றார் சர் ஹம்ஃப்ரி. "ஏத்துக்கிட்ட படத்தை யாரும் தொடக் கூடாது, வரைஞ்சவர் உள்பட." பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அவர் ஆற்றிய உரையை நானே குறிப்பெடுத்தேன். "நண்பர்களே, யோசிச்சுப் பாருங்க. கட்டடம் மாறாது. ஓவியம் மாறாது. விதி மாறவே மாறாது. இந்த ஸ்தாபனத்துல மாறக்கூடிய ஒரே பொருள் டக்கெட்தான். அவரை மாத்துறதுதான் கலைக்கு நாம செய்யிற சேவை. பொதுஜனங்களுக்காகத்தான் இந்த அருங்காட்சியகம். ஒரு பொதுஜனம் குறுக்க வந்தா விட்டுட முடியுமா?"

"தாடிய எடுத்துட்டா தீர்ந்துது," என்றார் மேஜர்.

மதுக்கடையில் கேட்டது என் காதில் ஒலித்தது. வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் குழுவில் வாய் திறந்தேன். "ஐயா, அவசரப்பட வேண்டாம். படமும் ஆளும் ஒரே நேரத்துல ஒரே மண்டபத்துல திறந்த நிலையில இல்லாமப் பாத்துக்கிட்டா விதி மீறலாகாதே?"

என்னைப் பாராட்டினார்கள். தாடி தப்பியது. ஆனால் படத்துக்குத் திரை போட்டால் சுடுமண் எழுத்தும் மறையும் என்று மேஜர் சொல்ல, டக்கெட்டுக்குத் திரை போட்டார்கள். காடாத் துணியில் தலை முதல் முழங்கால்வரை ஒரு பை; கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

நவம்பர் மாசத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். பனிமூட்டத்தில் வெள்ளைப் பை ஒன்று நெருப்புக் கம்போடு மண்டபத்துக்குள் நுழையும். முதல் நாள் ஒரு பாதிரியாரின் மனைவி மயங்கி விழுந்தார். இரண்டாம் வாரத்தில் அதைப் பார்க்கவே கிழக்கு லண்டனிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வருகை ஒன்றரை மடங்கானது. மண்டப அலங்காரம் மக்கள் மனதைத் தொட்டிருப்பதாக ஆண்டறிக்கையில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

"உள்ள மூச்சு முட்டுது," என்றார் டக்கெட்.

"தாடி இருக்கே," என்றேன்.

"இருக்கு," என்றார் பைக்குள்ளிருந்து. குரலில் நிம்மதி தெரிந்தது.

அந்த நிம்மதி பத்து நாள்தான். எங்கள் அருங்காட்சியகத்தில் பிரதிகள் துறை என்று ஒன்று உண்டு. உலகத்தில் எங்கே எந்தச் சிற்பம் இருந்தாலும் அதற்குச் சுண்ணத்தில் ஒரு வார்ப்பு எடுத்து, வெளியூர் ஓவியப் பள்ளிகளுக்குச் சுற்றுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அந்தத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது: ஆஸ்வின் மேஸ்திரியின் மூல உருவம் சுவரில் இருக்கிறது, அதே முகத்தோடு கீழே ஒன்று நடமாடுகிறது, எனவே கீழே நடமாடுவது பிரதி, பிரதி என்றால் எங்களுடையது.

இதை மறுத்தால் மறுபடியும் சவரத்துக்குத்தான் வருவார்கள் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நாள் கண்மறைவாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். டக்கெட்டை மாக்கிள்ஸ்ஃபீல்டு ஓவியப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பொருள்களுக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுக்க விதியில்லாததால் ரயிலின் சரக்குப் பெட்டியில், வைக்கோலுக்கு நடுவே உட்கார வைத்து அனுப்பினார்கள். கழுத்தில் அட்டை: "ஆஸ்வின் மேஸ்திரி. முழு உருவம். இந்தப் பக்கம் மேலே." இரண்டு வாரம் அந்த ஊர்ப் பட்டுத் துணி டிசைன் பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து வரைந்தார்கள். திரும்பி வந்தபோது கூடவே ஒரு குறிப்பு வந்தது: "பிரதி நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் சாப்பிடுகிறது. அதற்கு எங்கள் பள்ளியில் ஏற்பாடு இல்லை."

கெஸியா வாசலிலேயே நின்றிருந்தாள். குட்டையான, கனத்த பெண். துணி வெளுத்துச் சிவந்த கைகள். "மாக்கிள்ஸ்ஃபீல்டுல என்னய்யா பண்ணுன ரெண்டு வாரம்?"

"நின்னேன்."

"நின்னியா? இங்க நின்னா ஆகாதா?"

டக்கெட் விளக்கப் பார்த்தார். அவருக்கே புரியாததை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது. அவள் என் பக்கம் திரும்பி, "நீங்க படிச்சவங்கதானே?" என்றாள். நான் தொப்பியைச் சரி செய்துகொண்டேன்.

பிரதி சாப்பிட்டதால் பிரதிகள் துறை கைகழுவிவிட்டது. மண்டபத்தை முறைப்படி திறந்து வைக்க அரச குடும்பத்துக்குத் தூரத்து உறவான ஒரு முதிய சீமாட்டி வருவதாக நாளும் குறித்தாகிவிட்டது. பை மாட்டிய ஒருவர் விளக்கேற்றுவதை அவர் பார்க்கக் கூடாது. குழு கடைசியில் மேஜரின் யோசனைக்கே வந்து நின்றது. உத்தரவை நான்தான் எழுதினேன்: தாடியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலையும் வீடும் போகும், எடுத்த தாடியை அட்டைப் பெட்டியில் வைத்து ஒப்படைக்க வேண்டும்.

டக்கெட் உத்தரவை இரண்டு தடவை படித்தார். "ரெண்டுல எது போனாலும் கெஸியாதான்," என்றார். "வீடு போனா குளிர்ல நிப்பா. தாடி போனா..."

நாவிதர் கடையில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி போனது. இடப்பக்கத் தாடையில் ஒரு முட்டை பதிகிற அளவுக்குக் குழி. அதைச் சுற்றி இழுத்துத் தைத்த தோல். நாவிதர் கத்தியைத் துடைத்து மடக்கினார். "கூட வாங்க, குமாஸ்தா ஐயா," என்று மட்டும் டக்கெட் சொன்னார்.

கெஸியா அடுப்பில் பட்டாணி சூப்பு கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். கரண்டியை வைக்காமலேயே பார்த்தாள். டக்கெட் தலையைக் குனிந்துகொண்டு, "கிரிமியாவுல ஆனது," என்றார். அவள் கிட்டே வந்து, ஈரக் கையை அந்தக் குழியில் வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "பன்னெண்டு வருஷமாப் பக்கத்துல படுக்கிறேன். என் கைக்குத் தெரியாதா? கண்ணுதான் இப்பப் பாக்குது."

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"நீ மறைக்கிற. சரி, மறைக்கட்டும்னு விட்டேன். ஆனா இதுக்காகவா டக்கெட், இத்தன வருஷமா சூப்ப தாடியில ஒழுக ஒழுகச் சாப்ட்ட? அதுல மாட்டின பட்டாணிய எடுத்து எடுத்து என் கையே ஓஞ்சு போச்சு." அப்புறம் அவள் குரல் மாறியது. "நல்லாத்தான்யா இருக்க. லூசு."

நான் அங்கே நிற்க வேண்டிய அவசியம் இல்லை. வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த எட்டு நாளும் டக்கெட் விசில் அடித்துக்கொண்டு விளக்கேற்றினார். ஜன்னல் கண்ணாடிகளில் முகத்தைப் பார்த்துக்கொண்டார். கெஸியா நடுப்பகலில் வந்து ஊரார் பார்க்க அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் திறப்பு விழாவுக்கு முன்பு அரசாங்கத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு அதிகாரி வருவது வழக்கம். அவர் பெயர் ப்ரூவெட். ஒவ்வொரு படத்தையும் அதன் ஆதாரத்தோடு ஒப்பிட்டு டிக் போடுவது அவர் வேலை.

கூரையடியில் ஜன்னல் துடைப்பவர்கள் போக ஒரு மர நடைபாதை உண்டு. ப்ரூவெட் அதில் ஏறி ஒவ்வொரு மாடமாகப் பார்த்தார். முப்பத்தாறாவதற்கு வந்ததும் ஆதாரத்தைக் கொண்டுவரச் சொன்னார். டக்கெட் ஏறி வந்தார். ப்ரூவெட் படத்தைப் பார்த்தார், டக்கெட்டைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார்.

"படத்துல தாடி இருக்கு. ஆதாரத்துல இல்ல," என்றார். "ஆதாரத்தோட ஒத்துப் போகாத படம் போலி. போலிக்கு மாடம் கிடையாது."

குழு அவசரமாகக் கூடியது. பெட்டியில் இருக்கும் தாடியை எடுத்து ஒட்டிவிடலாம் என்றார் மேஜர். ஆனால் தாடிக்கு ஏற்கெனவே பதிவெண் கொடுத்தாகிவிட்டது. பதிவான பொருளைப் பசை கொண்டு தொடக் கூடாது. சர் ஹம்ஃப்ரி டக்கெட்டை வரவழைத்தார். கூடவே கெஸியாவும் வந்து நின்றாள்.

"டக்கெட், நடந்ததுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது," என்றார் சர் ஹம்ஃப்ரி. "போன மாசம் நீ படம் மாதிரி இருந்த. அது தப்பு. இந்த மாசம் படம் மாதிரி இல்ல. அதுவும் தப்பு. ரெண்டு தப்பும் உன் மூஞ்சியிலதான் நடந்திருக்கு, கவனிச்சியா? ஆறு வாரத்துல தாடி வளத்துடு. வளந்ததும் விதி பதினாலைப் பத்தி மறுபடியும் பேசுவோம்."

டக்கெட் தாடையைத் தடவிக்கொண்டார். "முடியாதுங்க ஐயா," என்றார்.

அறையில் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. அந்த அறையில் அந்தச் சொல்லை விதிகள்தான் சொல்லும்.

"வேலை போயிடும். வீடும் போயிடும்."

"போகட்டுங்க. ரெண்டு மாசம் முந்தி கேட்டிருந்தா வளத்திருப்பேன். எனக்கும் பயமா இருந்துச்சு. இப்ப இல்ல."

"என்னம்மா, உங்க புருஷனுக்கு நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று சர் ஹம்ஃப்ரி கெஸியாவிடம் திரும்பினார்.

"என்னத்த சொல்றது, ஐயா? பன்னெண்டு வருஷம் காத்திருந்து எட்டு நாளாத்தான் இவர் மூஞ்சி எனக்குக் கிடைச்சிருக்கு. அரசாங்கத்துக்குத் தாடி வேணும்னா பெட்டியில இருக்கு. எடுத்துக்கச் சொல்லுங்க."

திறப்பு விழா முடிந்ததும் வேலை நீக்கம் என்று முடிவானது. படம் போலியாகிவிட்டதே என்று ப்ரூவெட் கேட்க, ஆதாரம் வேலையை விட்டுப் போய்விட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லை, ஆகவே படம் செல்லும் என்று சர் ஹம்ஃப்ரி விளக்கினார். ப்ரூவெட் டிக் போட்டார்.

விழா அன்று பனிமூட்டம். டக்கெட் கடைசித் தடவையாக நானூறு விளக்கையும் ஏற்றினார். மண்டபம் பளபளவென்று எரிந்தது. முதிய சீமாட்டி கைத்தடியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து, கழுத்தை வளைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கேஸ் வெளிச்சம் பொன் பூச்சில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.

"எனக்குச் செருப்புதான் தெரியுது," என்றார். "அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. யார் யாரு இவங்கல்லாம்?"

சர் ஹம்ஃப்ரி தாழக் குனிந்தார். "அம்மணி, செருப்பு எல்லாமே தகுந்த ஆதாரத்தோட வரையப்பட்டது."

"நல்ல செருப்பு," என்று சொல்லிவிட்டு அவர் தேநீருக்குப் போனார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள்.

மண்டபத்தில் நானும் டக்கெட்டும் கெஸியாவும் மட்டும் மிஞ்சினோம். அவர்கள் தட்டுமுட்டுச் சாமான்கள் வாசலில் ஒரு தள்ளுவண்டியில் ஏறியிருந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாடகக் கொட்டகையில் கேஸ் விளக்குக்கு ஆள் தேவை என்று பென்ரோஸ் விசாரித்துச் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வண்டியைப் பார்க்க முகமில்லை. அந்தப் படிவத்தை மேலே அனுப்பியவன் நான்தானே.

"இவ்வளவு கூத்துக்கும் காரணமான அந்தப் படத்தை ஒரு தடவ பாக்கணும்," என்றாள் கெஸியா.

மர நடைபாதையில் ஏற்றிக் கூட்டிப் போனேன். படி செங்குத்து, பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறினாள். முப்பத்தாறாவது மாடத்துக்கு நேரே நின்றோம். ஒன்பதடி மனிதர் கவராயத்தோடு நின்றார். தாடி ஒவ்வொரு இழையாகப் பொன்னில் மின்னியது. பென்ரோஸ் நன்றாகத்தான் வரைந்திருந்தார்.

கெஸியா வெகுநேரம் பார்த்தாள். கையை நீட்டி, படத்தின் தாடியில், இடப்பக்கத் தாடை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். விதி பத்தொன்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"யார்யா இது?" என்றாள்.

"நான்தான், கெஸியா."

"இல்ல," என்றாள். "இந்த ஆளோட தாடிக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல."

டக்கெட் அவள் கையைப் பிடித்துப் பார்த்துப் பார்த்து இறக்கிவிட்டார். விளக்குகளை யார் அணைப்பது என்று உத்தரவில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நாங்கள் வெளியே போனபோது நானூறும் எரிந்துகொண்டிருந்தன.